ஊட்டி கிளப்பின் மேசையும் காசிமேட்டின் பலகையும்

மீஞ்சூரில் ஸ்நூக்கர் மேசை ஒன்றை நாங்கள் கண்டதில்லை. பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்டு, பச்சைத் துணிக்கு அடியில் கற்பலகை பரப்பிய அந்த மேசைக்குத் தனிக்கூடம் வேண்டும். சுற்றிலும் நின்று க்யூவைப் பின்னிழுக்க இடம் வேண்டும். கடற்காற்றின் ஈரம் துணியில் ஏறாதிருக்கக் குளிர்சாதனம் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தடத்தில் நின்றுகொண்டே பயணம் செய்து வாழ்கிறவர்களுக்கு இவை எப்படி வாய்க்கும்? ஆயினும் ஸ்நூக்கர் ஆட்டக்காரர் ஒருவரின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் பற்றி இங்கிருந்து எழுத வேண்டிய தேவை எங்களுக்கு நேர்ந்திருக்கிறது.

தேவை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இலக்கியச் சிற்றிதழ்களின் பக்கங்களில் அரிதாக விளையாட்டைப் பற்றி ஏதேனும் வந்தால், அது ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வருகிறது. ஒருவன் எங்கிருந்தோ வருகிறான், வெல்கிறான், செருக்கடைகிறான் அல்லது மனம் தளர்கிறான், வீழ்கிறான், முடிந்தால் மீண்டும் எழுகிறான். எழுச்சியும் வீழ்ச்சியும் அவனுடைய குணத்திலிருந்து பிறந்தவை என்பது இவ்வகை எழுத்தின் கேள்வி கேட்கப்படாத நம்பிக்கை. கிரேக்க நாடகத்திலிருந்து கடன் வாங்கிய இந்தச் சட்டையை அணிவித்துப் பார்ப்பதில் நம் எழுத்தாளர்களுக்கு அலுப்பே வருவதில்லை. இந்த நம்பிக்கை பொய் என்பது எங்கள் கட்சி. பொய் என்பதோடு, ஒரு பகுதி மக்களுக்குத் தீங்கு செய்கிற பொய் என்றும் கருதுகிறோம்.

முதலில் ஸ்நூக்கரின் பிறப்பைச் சற்றே பார்த்துவிடுவோம். 1875-இல் ஜபல்பூரின் இராணுவ அதிகாரிகள் விடுதியில், மழைக்காலத்துப் பொழுதைப் போக்க நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி பழைய பந்தாட்டங்களில் வண்ணப் பந்துகளைக் கூட்டிச் சேர்த்தார் என்று சொல்லப்படுகிறது. (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான சேம்பர்லினோடு இவரைக் குழப்பிக்கொள்ளலாகாது.) ஆட்டத்திற்கு முறையான விதிகள் எழுதி மாட்டப்பட்டது 1880-களில், உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். ஆக, உலகெங்கும் தொலைக்காட்சியில் கோடிக்கணக்கானோர் பார்க்கும் இந்த ஆட்டத்தின் சட்டப்புத்தகம் தமிழ் மண்ணில் எழுதப்பட்டது. இதைச் சொல்லிப் பெருமைகொள்கிறவர்கள் உண்டு. நாங்கள் அந்தப் பெருமையில் பங்கு கேட்கவில்லை. அந்த அறைக்குள் அன்று நம்மவர் நுழைந்தது தட்டை ஏந்திக்கொண்டோ, துணியைத் துலக்கிக்கொண்டோ, புள்ளிப் பலகையருகே நின்றுகொண்டோதான். மார்க்கர் என்று அழைக்கப்பட்ட அந்த ஊழியர், துரைக்கு எதிராள் கிடைக்காத நாளில் எதிராளாகவும் நின்றிருப்பார். இந்திய பில்லியர்ட்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மகாராஜாக்களிலிருந்து தொடங்குகிறார்கள். மார்க்கரிலிருந்து தொடங்கினால் வேறு வரலாறு கிடைக்கும் என்பது எங்கள் எண்ணம். அது வேறொரு கட்டுரை.

இப்போது ஆதித்யா மேத்தாவுக்கு வருவோம். மும்பையில் 1985-இல் பிறந்தவர். இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்று தொழில்முறை ஸ்நூக்கர் சுற்றில் நிலைத்து ஆட முயன்ற மிகச் சிலரில் ஒருவர். 2013 அவருடைய ஆண்டு. கொலம்பியாவின் காலி நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் தங்கம் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் புதுதில்லியில் இந்தியன் ஓப்பன் நடந்தது. தரவரிசைப் போட்டியொன்று இந்திய மண்ணில் நடப்பது அதுவே முதன்முறை. மேத்தா அரையிறுதியில் ஸ்டீஃபன் மக்வயரைக் கடந்து இறுதிக்குச் சென்றார். தரவரிசைப் போட்டியின் இறுதியை எட்டிய முதல் இந்தியர் அவர். அங்கே டிங் ஜுன்ஹுய் அவரை 5-0 என்று துடைத்தெறிந்தார். டிங் அந்தப் பருவத்தில் தொட்டதையெல்லாம் வென்றுகொண்டிருந்தவர். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் ஃபூர்த் நகரில், பால் ஹன்டர் கிளாசிக் போட்டியில், அதே மக்வயருக்கு எதிராக மேத்தா 147 அடித்தார். பதினைந்து சிவப்புப் பந்துகள், ஒவ்வொன்றுக்கும் பின் கறுப்பு, பிறகு ஆறு வண்ணங்களும் வரிசையாக, ஒரே வருகையில். ஸ்நூக்கரில் வழக்கமான முறையில் அதற்கு மேல் ஒரு புள்ளி கிடையாது.

அதன்பின் கழுத்தில் காயம். க்யூவின் மேல் தாடையை வைத்துக் குனிந்து நோக்கும் ஆட்டத்தில் கழுத்து போனால் எல்லாமே போயிற்று. சுற்றிலிருந்து அவர் வெளியேற நேர்ந்தது.

இதில் குணத்தின் குறை எங்கே இருக்கிறது? செருக்கு எங்கே? சுற்றின் அமைப்பைப் பாருங்கள். நுழைகிறவருக்கு இரண்டாண்டு அனுமதி. அந்த இரண்டாண்டில் வென்ற பரிசுத் தொகையின் கூட்டல்தான் தரவரிசை. புதியவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். முதல் அறுபத்து நால்வருக்குள் வராவிட்டால் அனுமதி முடிகிறது. நெடுங்காலம் முதல் சுற்றில் தோற்றவர்க்கு ஒரு பவுனும் கிடைக்காமல் இருந்தது. விமானச் செலவும் விடுதிச் செலவும் பயிற்சி மேசைக்கான வாடகையும் ஆட்டக்காரரின் தலையில். ஷெஃபீல்டில் வளர்ந்த பையன் தோற்றால் பேருந்து ஏறி வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிடுகிறான். மும்பையிலிருந்து போனவர் தோற்றால் வாடகை அறைக்குத் திரும்பிக் கணக்குப் பார்க்கிறார். இரண்டு பேரும் ஒரே பந்தைத்தான் தவறவிட்டார்கள். ஆனால் ஒருவருக்கு அதன் விலை வேறு.

மேத்தாவோடு ஒரே ஆண்டில் பிறந்த பங்கஜ் அத்வானியை எடுத்துக்கொள்வோம். 2003-இல் சீனாவில், பதினெட்டு வயதில், உலக அமெச்சூர் ஸ்நூக்கர் பட்டம். 2024 நவம்பரில் தோஹாவில் இருபத்தெட்டாவது உலகப் பட்டம். இடையில் 2012 முதல் 2014 வரை அவரும் தொழில்முறைச் சுற்றில் ஆடினார். 2013-இல் வெல்ஷ் ஓப்பனில் காலிறுதிவரை சென்றார். பிறகு அனுமதி அட்டையைத் தாமே திருப்பிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்கு வந்துவிட்டார். அன்று இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. சிறு குளத்தின் பெரிய மீனாக இருக்க விரும்பினார் என்றார்கள். ஓ.என்.ஜி.சி.யில் அவருக்கு வேலை இருந்தது என்பதை இவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. மாதந்தோறும் சம்பளம் வருகிற ஒருவரால் மட்டுமே இரண்டு ஆண்டு இங்கிலாந்தில் முயன்று பார்க்கவும் முடியும், வேண்டாமென்று திரும்பவும் முடியும், திரும்பிய பின் பத்தாண்டு காலம் வென்றுகொண்டே இருக்கவும் முடியும். அத்வானியின் மேதைமையை நாங்கள் குறைக்கவில்லை. அந்த மேதைமை அழியாமல் நின்றதற்கு ஒரு சம்பளப் பட்டியலும் காரணம் என்கிறோம். இதைச் சொன்னால் கலையை நிந்தித்ததாக முகம் சுளிக்கிறார்கள்.

நம் நகரத்துக்கு வருவோம். 2017-இல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் ஸ்நூக்கர் இறுதியில் இந்தியாவின் வித்யா பிள்ளை, ஹாங்காங்கின் ங் ஆன்-யீயிடம் 5-6 என்று தோற்றார். ஒரே ஒரு ஃபிரேம். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பரில் தோஹாவில், சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் அதே ங் ஆன்-யீயை 3-2 என்று வென்று உலக அமெச்சூர் பட்டத்தைக் கொண்டுவந்தார். பதினைந்து சிவப்புப் பந்து ஆட்டத்தில் இந்தியப் பெண் ஒருவருக்கு அது முதல் பட்டம். அடுத்த மாதமே மாலத்தீவில் ஏழாவது கேரம் உலகக் கோப்பை. காசிமேட்டின் கீர்த்தனா மூன்று தங்கங்களோடு திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு, 2024 நவம்பரில், அமெரிக்காவில் நடந்த ஆறாவது கோப்பையில் மூன்று தங்கம் பெற்றவர் புதுவண்ணாரப்பேட்டையின் காசிமா. அதற்கும் முன்பு, 2008-இல், பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றவர் வியாசர்பாடியின் இளவழகி. ஆண்களில் சென்னையின் மரியா இருதயம் 1991-இலும் 1995-இலும் உலகப் பட்டம் வென்று, 1996-இல் அர்ஜுனா விருதும் பெற்றார். கேரத்துக்கென்று வந்த அர்ஜுனா அது ஒன்றுதான் என்று பல பத்தாண்டுகள் சொல்லும்படி ஆயிற்று. அர்ஜுனா பெற்ற க்யூ விளையாட்டுக்காரர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினால் வில்சன் ஜோன்ஸ், மைக்கேல் ஃபெரேரா, கீத் சேத்தி என்று மூச்சு வாங்கும்.

காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி. மூன்று உலகப் பட்டங்கள் இருந்த வீடுகளை ஒரு காலைப்பொழுதில் மிதிவண்டியில் சுற்றிவந்துவிடலாம். உலகில் வேறெந்த விளையாட்டிலாவது, இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் இவ்வளவு முடிகள் விளைந்திருக்குமானால், அங்கே ஒரு அருங்காட்சியகம் எழுந்திருக்கும். இங்கே எழுந்திருப்பது ஒரு வாக்கியம்: 'வறுமையிலும் சாதித்த வடசென்னைப் பெண்.'

இந்த வாக்கியத்தோடுதான் எங்களுக்குப் பெரும்பகை. இளவழகியின் வீடு எத்தனை சிறியது என்று எழுதப்பட்டதில் கால்வாசிகூட அவருடைய கை எப்படிப்பட்டது என்று எழுதப்படவில்லை. காசிமாவின் தந்தை ஆட்டோ ஓட்டுநர் என்பதை அறியாத தமிழ் வாசகர் இல்லை. காசிமா கட் அடிப்பாரா, டபுள் அடிப்பாரா, தொடக்க அடியில் எத்தனை காய் எடுப்பார் என்று அறிந்த தமிழ் வாசகரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை. மேத்தாவின் அப்பா என்ன செய்தார் என்று எவரும் கேட்டதில்லை. அவருக்கு 147 இருக்கிறது. இவர்களுக்கு அப்பாவின் தொழில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் அன்போடுதான் எழுதுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அந்த அன்பு ஆட்டக்காரரை ஆட்டத்திலிருந்து பிடுங்கி எடுத்து, தியாகத்தின் உருவமாக ஆக்கி, அடுத்த நாள் மறந்துவிடுகிறது. ஏழ்மைதான் அவர்களுக்கு வெறியைத் தந்தது என்று சிலர் தத்துவம் பேசுகிறார்கள். ஏழ்மை வெறியைத் தருமென்றால் வடசென்னையில் லட்சம் உலகச் சாம்பியன்கள் இருக்க வேண்டும். அந்த லட்சத்தில் மூன்று பேர் மட்டும் தப்பித்தார்கள் என்பதே கணக்கு. ஏனையவர் ஸ்ட்ரைக்கரைப் பரணில் போட்டுவிட்டு லோடு ஏற்றப் போனார்கள்.

கேரம் ஒரு விளையாட்டா என்று கேட்கிற நண்பர்களும் நம் இலக்கிய வட்டத்தில் இருக்கிறார்கள். விடுமுறையில் பாட்டி வீட்டில் ஆடியதைத் தவிர வேறு அறியாதவர்கள் இவர்கள். போட்டிப் பலகையின் ஆடுபரப்பு எழுபத்து நான்கு சென்டிமீட்டர் சதுரம். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு ரெட். பதினைந்து கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கர். குழி நான்கரை சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஸ்நூக்கரில் நீளமான க்யூ இருக்கிறது; கையின் நடுக்கத்தை ஓரளவு அது விழுங்கிக்கொள்ளும். கேரத்தில் விரல் நுனிக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. ஸ்நூக்கர் ஆட்டக்காரர் மேசையைச் சுற்றி நடந்து, பந்தின் பின்னால் நின்று கோட்டைப் பார்க்கிறார். கேரம் ஆட்டக்காரர் இருக்கையை விட்டு எழக்கூடாது, இருக்கையை நகர்த்தவும் கூடாது. தன் பக்கத்துக் கோட்டிலிருந்தே, கண்ணுக்குக் கோணம் தராத காயையும் வீழ்த்த வேண்டும். ரெட்டை வீழ்த்தினால் மட்டும் போதாது, அடுத்த அடியில் ஃபாலோ போட வேண்டும். இல்லையென்றால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். தொடங்கியவர் ஒரே வருகையில் தம் ஒன்பது காய்களையும் ரெட்டையும் முடிப்பதை வொய்ட் ஸ்லாம் என்கிறார்கள். 147-க்கு நாம் கைதட்டினோம் அல்லவா, இதற்கும் ஒரு கைதட்டல் தரலாம்.

அரசின் பட்டியலிலும் இரண்டும் சமம்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருவதற்கான ஒன்றிய அரசின் பட்டியலில் பில்லியர்ட்ஸ்-ஸ்நூக்கரும் இருக்கிறது, கேரமும் இருக்கிறது. எழுத்தில் உள்ள இந்தச் சமத்துவம் நடைமுறைக்கு வரும்போது எங்கே கரைகிறது என்பதே கேள்வி.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் சதுரங்க உலகப் பட்டம் வென்றபோது தமிழ்நாடு அரசு ஐந்து கோடி ரூபாய் அறிவித்தது. உடனே, காசிமாவுக்கு ஏன் இல்லை என்ற குரல்கள் எழுந்தன. சில வாரங்களில் அவருக்கு ஒரு கோடி வழங்கப்பட்டது. ஐந்தா, ஒன்றா என்று அப்போது நடந்த சண்டையில் நாங்கள் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. குகேஷ் உண்பதைப் பறித்துக் காசிமாவுக்குக் கொடு என்று கேட்பது அற்பத்தனம். 1981-இல் மைக்கேல் ஃபெரேரா, கவாஸ்கருக்குப் பத்மபூஷண் கொடுத்துவிட்டு உலகச் சாம்பியனான எனக்குப் பத்மஸ்ரீயா என்று சொல்லி மறுத்தார். இரண்டு ஆண்டு கழித்துப் பத்மபூஷண் பெற்றுக்கொண்டார். அது அவருக்கு அழகாயிருந்தது. மறுக்கிற வசதி அவரிடம் இருந்தது. ஒரு கோடியை மறுக்கச் சொல்லி எவரும் செரியன் நகரில் போய்ப் பேச முடியாது, பேசவும் கூடாது.

எங்கள் குறை வேறு. ஊக்கத்தொகை என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊக்கம் தேவைப்படுகிற காலத்தில் தருவதற்குத்தானே அந்தப் பெயர்? பட்டம் வென்ற மறுநாள் மேடையில் தருவது பரிசு. பட்டத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் தந்திருந்தால் ஊக்கம். அந்தப் பத்து ஆண்டுகளை யார் தாங்குகிறார்கள்? அப்பா தாங்குகிறார். தெருமுனைக் கிளப்பின் பெரியவர் தாங்குகிறார். போரிக் பவுடர் வாங்கக் காசு திரட்டும் அண்ணன்மார் தாங்குகிறார்கள். போட்டிக்குப் போக விசாவுக்கும் விமானத்துக்கும் அலைய வேண்டியிருக்கிறது. வென்ற பிறகு விமான நிலையத்துக்கு மாலையோடு கூட்டம் வருகிறது. பட்டத்துக்குப் பிந்தைய பத்து ஆண்டுகளைப் பற்றியோ பேச்சே இல்லை. முப்பது வயதில், அடுத்த தலைமுறைப் பெண் தன்னைத் தோற்கடிக்கத் தொடங்கும்போது, முன்னாள் உலகச் சாம்பியன் என்ன செய்ய வேண்டும்?

மேத்தாவைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதியதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. கழுத்துக் காயத்தோடு வெளியேறிய மேத்தாவின் இறக்கத்தை நாம் இறக்கம் என்று சொல்ல முடிவதே, அவர் ஏறியதைப் பதிவுசெய்த ஓர் ஏணி இருந்ததால்தான். தரவரிசை இருந்தது, தொலைக்காட்சி இருந்தது, பருவந்தோறும் போட்டிகள் இருந்தன, தோற்றவர் பெயரும் ஆவணத்தில் இருந்தது. கேரத்தில் இறங்குகிறவருக்கு இறங்குவதற்கும் படியில்லை. ஒரு நாள் உச்சியில் இருக்கிறார், மறுநாள் தெருவில் இருக்கிறார். நடுவில் ஒன்றுமில்லை. அதனால்தான் நம் எழுத்தாளர்களுக்கு அவருடைய வாழ்க்கை நாடகம்போல் தெரிகிறது. நடுவில் படிகள் இருந்திருந்தால் அது சாதாரண உத்தியோக வாழ்க்கைபோல், பதவி உயர்வும் மாறுதலும் ஓய்வூதியமுமாக, அலுப்பூட்டும்படி இருந்திருக்கும். அந்த அலுப்பைத்தான் நாங்கள் இந்த ஆட்டக்காரர்களுக்குக் கேட்கிறோம்.

எங்கள் பகுதியை ஒருமுறை வரைபடத்தில் பாருங்கள். மணலியிலிருந்து எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வரை ஒரே நீளமாகத் தொழிற்சாலைகள். எண்ணெய் சுத்திகரிப்பு, உரம், அனல்மின்சாரம், எரிவாயு, நிலக்கரி இறக்கும் துறைமுகம், கொள்கலன் துறைமுகம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. பல பொதுத்துறை நிறுவனங்கள். பெட்ரோலிய நிறுவனங்களுக்கென்று தனியே ஒரு விளையாட்டு மேம்பாட்டு வாரியமே 1979 முதல் இருக்கிறது. அத்வானி போன்றவர்கள் வாழ்ந்ததும் வளர்ந்ததும் அத்தகைய நிழலில்தான். கேரம் ஆட்டக்காரர்களுக்கும் பொதுத்துறையில் வேலை தந்த முன்னுதாரணம் உண்டு. அப்படியென்றால் எங்கள் கேள்வி எளியது. சாம்பலையும் கரியையும் இந்த மண்ணில் இறக்குகிற நிறுவனங்கள் யாவும் சேர்ந்து, திருவொற்றியூர் முதல் மீஞ்சூர் வரை உள்ள பையன்களிலும் பெண்களிலும் ஆண்டுக்கு எத்தனை கேரம் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்கின்றன? விளையாட்டு ஒதுக்கீட்டின் கீழ் எத்தனை இடம், எத்தனை நிரப்பப்பட்டது என்று ஒரு பட்டியலைத் தமிழில் அச்சிட்டு மீஞ்சூர் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதில் என்ன சிரமம்? சமூகப் பொறுப்பு நிதி என்று சொல்லிக் குப்பைத் தொட்டியிலும் பேருந்து நிழற்குடையிலும் பெயர் எழுதுகிறார்கள். அந்த நிழற்குடைக்குள் இரவில் பலகையைப் போட்டு ஆடுகிற பையனுக்கு மாதம் ஒரு தொகை என்று யோசித்தவர் எவருமில்லை.

அது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது. இனி நமக்கு உரியது. நம்மவர் என்று இங்கே சொல்வது எழுதுகிறவர்களையும் அவர்களை வாசிக்கிற எங்களையும்தான். வடசென்னையைத் தமிழ்க் கலை எழுதத் தொடங்கி வெகுகாலம் ஆகவில்லை. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) இந்தப் பகுதியின் குத்துச்சண்டைக்கு ஒரு காவியத்தைத் தந்தது. அதில் அடியின் வகையும் காலின் நடையும் இருந்தன, அதனால் மதிக்கிறோம். வெற்றிமாறனின் 'வடசென்னை' (2018) நாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரன். அந்த அளவுக்கு அவர் இந்த மண்ணைப் பார்த்திருக்கிறார். ஆனால் படம் முடிந்து வெளியே வந்தவர்கள் எதைப் பேசினார்கள்? கத்தியைப் பேசினார்கள். பலகை அங்கே கத்திக்குப் போகிற வழியாகவே மனத்தில் தங்கியது. திரைக்கதையின் தேவை அது என்று விட்டுவிடலாம். இலக்கியத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. கிரிக்கெட்டையும் சதுரங்கத்தையும் வைத்துத் தத்துவம் எழுதிய பேனாக்கள் நம்மிடம் உண்டு. சதுரங்கம் அறிவின் உருவகமாம். கேரம் தெருவின் சத்தமாம். பகிரங்கமாக இப்படி எவரும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதிலேயே அது தெரிகிறது.

எண்பதுகளில் ஒரு மன்றம் என்றால் மூன்று பொருள்கள் இருக்கும்: தலைவரோ நடிகரோ ஒருவரின் படம், தினசரிகள், கேரம் பலகை. மேலே கயிற்றில் தாழ்த்திக் கட்டிய குண்டு பல்பு, அதற்குத் தகரத்திலோ அட்டையிலோ ஒரு தொப்பி. பலகையில் மட்டும் வெளிச்சம், சுற்றி நிற்கிறவர் முகங்கள் இருளில். பத்திரிகையை வாசிக்க வந்தவர் ஆட்டத்தில் நின்றதும், ஆட வந்தவர் வரிசைக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாசிக்கத் தொடங்கியதும் அங்கேதான். எங்களில் இருவருக்கு இலக்கியம் அறிமுகமானது அப்படித்தான். வடசென்னையின் வாசிப்பு வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர் இந்தப் பல்பைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. இப்போது அனல்மின் நிலையச் சாம்பல் காற்றில் வந்து பலகையில் படிகிறது; பவுடர் போட்ட பின்பும் காய் இழுபடுகிறது; துடைத்துவிட்டு ஆடுகிறார்கள். நம் நாவலாசிரியர்களில் ஒருவர் இந்தத் துடைப்பதை மட்டும் எழுதினாலே போதும், ஒரு தொழிற்பகுதியின் முப்பது ஆண்டுகள் அதில் வந்துவிடும்.

எங்களுக்கு வரக்கூடிய மறுப்பையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கேரத்துக்குப் பார்வையாளர் இல்லை, பார்வையாளர் இல்லாததற்குப் பணம் வராது, இது சந்தையின் விதி என்பார்கள். இந்தியாவில் ஸ்நூக்கருக்கு மட்டும் பார்வையாளர் இருந்தார்களா? இந்தியன் ஓப்பன் 2013-இல் தில்லியில் தொடங்கி, மும்பை, ஐதராபாத், விசாகப்பட்டினம் என்று ஊர் ஊராகப் போய், 2019-இல் கொச்சியோடு நின்றுபோயிற்று. கூட்டம் அலைமோதியதாக ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் க்யூ விளையாட்டுகளுக்கு விருதும் வேலையும் வந்தன. ஏனெனில் முடிவெடுக்கிறவர்கள் உறுப்பினராக இருக்கும் கிளப்புகளில் அந்த மேசை இருக்கிறது. மாலையில் அவர்கள் அதைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். 147 என்றால் என்னவென்று அவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. வொய்ட் ஸ்லாம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கிறது. சந்தைக்கு முன்பே அறிமுகம் இருக்கிறது, அறிமுகத்துக்கு முன்பே கதவு இருக்கிறது. அனுபமாவின் வெற்றியை இந்த வாதத்துக்கு எதிராக நிறுத்த வேண்டாம். அவர் தோஹாவில் வென்றது அவருடைய கையால். ங் ஆன்-யீ போன்ற ஒருவரைக் கடைசி ஃபிரேமில் வெல்வது கதவைத் திறந்துவிட்டதால் மட்டும் வருவதில்லை. தமிழ்நாட்டில் பெண் ஒருத்தி ஸ்நூக்கரில் உலகப் பட்டம் வென்றும் நம் சிற்றிதழ் ஒன்றிலும் அரைப்பக்கம் வரவில்லை என்ற வருத்தம் எங்களுக்கு அவர் பொருட்டும் உண்டு.

ஆகவே இந்தக் கட்டுரையை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். காசிமாவின் 2024 இறுதி ஆட்டத்தையோ, கீர்த்தனாவின் 2025 இறுதி ஆட்டத்தையோ, இளவழகியின் 2008 இறுதியையோ பலகை பலகையாகத் தமிழில் எழுதியவர் யாராவது இருந்தால், எந்தப் பலகையில் ரெட் யாரிடம் போயிற்று, எந்த அடியில் ஃபாலோ தவறியது, இருபத்தைந்து புள்ளிக்கு எந்த இடத்தில் ஆட்டம் திரும்பிற்று என்று குறித்துவைத்திருந்தால், எங்களுக்கு அனுப்புங்கள். வரும் வாரங்களில் அதை இங்கே முழுமையாக வெளியிடுகிறோம். வீட்டின் அளவைப் பற்றிய வரிகள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிடுவோம்.